முறைப்போ, அந்தரமோ

இந்த வருடம் புதிய வகுப்பைப் பாரமெடுத்த அன்றே ஒரு பெடியனைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். "அவன் சரியான கொதியன் ரீச்சர். ஒரு சொல்லுச் சொன்னால் முறைச்சுக்கொண்டு நிப்பான். கவனமா இருங்கோ." சொன்னவர் நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

சொன்னபடியே முறைத்தான். பிந்தி வந்து வாசலில் நிற்பான். இரண்டு புருவமும் கிட்ட வந்து நடுவில் ஒரு கோடு விழும். உதடு இறுகும். கண் வெட்டாமல் மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். "ஏன் பிந்தினாய்?" என்றால் பதில் வராது. ஒரு தவணை முழுக்க அந்த முகத்தில் நான் கோபத்தைத்தான் கண்டேன். அதனால் நானும் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

தவணை முடிவில் பெற்றோர் கூட்டத்துக்கு அவனுடைய அம்மம்மா வந்தார். முறைக்கிற கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது கோபமில்லை ரீச்சர், அந்தரம். தங்கச்சியை அங்கால பள்ளிக்கூடத்தில விட்டுட்டு ஓடி வாறவன். பிந்தினால் ஏசுவீங்களெண்டு அந்தரப்படுறான். வீட்டில தாய் சத்தமாக் கூப்பிட்டாலும் உப்பிடித்தான் நிக்கும் பிள்ளை" என்றார்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்தரம் என்பது பயமும் இல்லை, வெறும் அவசரமும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளுக்குள் துடிப்பது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கும் அந்தரம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும் அந்தரம்.

அடுத்த தவணையின் முதல் திங்கட்கிழமை அவன் மறுபடி வாசலில் நின்றான். அதே புருவம், அதே கோடு. ஆனால் இந்த முறை அவன் விரல்கள் புத்தகப் பை வாரைப் போட்டு முறுக்குவதைக் கண்டேன். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. முதலாம் தவணையிலும் இதெல்லாம் இருந்திருக்கும். என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன். 2001 இல் ஹால்பர்ஸ்டாட், நீடென்தால் என்ற இருவர் செய்த ஆய்வு எங்கள் ஆசிரியர் அறையைப் பார்த்தே செய்தது போல இருந்தது. சிரிப்பும் கோபமும் கலந்த, இன்னதென்று சொல்ல முடியாத முகங்களைக் காட்டி, "இவர் ஏன் கோபமாக இருக்கிறார்?" என்று காரணம் சொல்லச் சொன்னார்கள். பிறகு, நீங்கள் பார்த்த முகம் எது என்று கேட்டபோது, காரணம் சொன்னவர்கள் உள்ளதைவிடக் கூடுதலான கோபத்தோடு அந்த முகத்தை நினைவில் வைத்திருந்தார்கள். சரி, நாங்கள் ஆசிரியர் அறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு செய்வது வேறென்ன? "ஏன் இவனுக்கு இவ்வளவு கொதி? தகப்பனைப் போல" என்று காரணம் சொல்லிச் சொல்லி, ஒரு பிள்ளையின் முகத்தில் இல்லாத கோட்டையும் கீறிவிடுகிறோம்.

இன்னொன்று 2006 இல் வந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் அது அர்த்தமில்லாத வெறும் சத்தமாகிவிடும், சின்ன வயதில் எல்லோரும் விளையாடிப் பார்த்திருப்போம். லின்ட்குவிஸ்ட்டும் ஃபெல்ட்மன் பாரெட்டும் கூட்டாளிகளும் உணர்ச்சிச் சொற்களை 30 தடவை சொல்ல வைத்துவிட்டு இரண்டு முகங்களைக் காட்டினார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே உணர்ச்சியா என்பதுதான் கேள்வி. முகம் முன்னாலேயே இருக்கிறது, விடை சொல்ல அந்தச் சொல்லும் தேவையில்லை. ஆனாலும் ஆட்கள் தடுமாறினார்கள், பிழையும் விட்டார்கள். அதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்படியென்றால் சொல் என்பது முகத்தைக் கண்ட பிறகு ஒட்டுகிற துண்டு இல்லை. காண்பதிலேயே அதற்குப் பங்கு இருக்கிறது.

இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். போல் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் கடைசியில் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் படங்களோடு போய், மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம், அருவருப்பு, வியப்பு என்ற ஆறும் உலகத்துக்கே பொது என்று வாதித்தார். பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளையும் சிரிக்கத்தானே செய்கிறது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரி ஆய்வுகள் பலவற்றில் விடைச் சொற்களை முதலே வரிசையாகக் கொடுத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள். பட்டியலை எடுத்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்றால் ஒற்றுமை குறைந்துவிடுகிறது. அந்த ஆறில் அந்தரம் எங்கே இருக்கிறது? என் மாணவனின் படத்தை வைத்து ஆறில் ஒன்றைத் தெரியச் சொன்னால், நானும் கோபம் என்றுதான் கோடு போட்டிருப்பேன்.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்பார், அது எட்டு என்கிறார். அதில் இளிவரலும் பெருமிதமும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணம், வைத்திருப்பது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பின் வாங்கிலில் ஒரு பெடியன் சிரித்தால் அது நக்கலா, சின்னப்பிள்ளைத்தனமா, விளங்காத சிரிப்பா என்று பார்க்க வேண்டுமென்று எங்கள் இலக்கணமே கற்றுத் தருகிறது. நாங்களோ "நக்கலடிக்கிறான்" என்ற ஒற்றைச் சொல்லோடு எழும்பிப் போகிறோம்.

சக ஆசிரியர்களிடம் நான் மனதாரக் கேட்பது இதுதான். வகுப்பைக் கைமாற்றும்போது கொதியன், முறைப்பன், அழுமூஞ்சி என்று சொல்லாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள். "புருவத்தைச் சுருக்குவான், கேட்டால் பதில் சொல்லமாட்டான், பிந்தி வாற நாட்களில்தான் அப்படி." இவ்வளவு போதும். மிச்சத்தை அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டிலும் அப்படித்தான். "இவள் எப்பவும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு" என்று பிள்ளைக்கு முன்னாலேயே விருந்தாளிக்குச் சொல்கிறோம். வந்தவர் பிறகு எந்த முகத்தைப் பார்ப்பார்?

அம்மம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன கிழமையும் அவன் வாசலில் நின்றான். இப்போது எனக்கு அந்த முகம் தெரியும் என்ற நினைப்பில், கிட்டப் போய், "என்னப்பு, அந்தரமோ?" என்று கேட்டேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லை ரீச்சர். பசிக்குது."

முதலாம் பாடம் முடிய கன்ரீனில் இரண்டு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டான். மற்றதைத் தங்கச்சிக்கென்று கொப்பித்தாளில் சுற்றி வைத்தான்.