ஓசி இன்சூரன்ஸ்

சனிக்கிழமை இரவு நம் அமெரிக்கத் தமிழர் குழுவில் வந்த அந்தப் பதிவை இங்கே இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை மறுபடியும் எடுத்துப் போடவில்லை. எழுதியவர் நான் அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். அவரைச் சந்திக்கு இழுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் "லாரி ஓட்டுறவனுக்கு ஓசி இன்சூரன்ஸ், கோட் அடிக்கிறவனுக்கு மாசம் அறுநூறு டாலர் பிடித்தம், வாழ்க அமெரிக்கா!" என்று, மென்பொருள்காரர்களோடு எங்களை ஒப்பிட்ட அந்த வரியும், அதன் கீழே வரிசையாக விழுந்த நாற்பத்து மூன்று சிரிப்புக் குறிகளும் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. சிரித்தவர்களில் ஒன்பது பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னைப் போல யூனியனில், அதாவது தொழிற்சங்கத்தில், இருக்கும் லாரி டிரைவர்களின் சம்பளத்தில் இன்சூரன்சுக்கு என்று மாதப் பிடித்தம் இல்லை என்பது, எங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, உண்மைதான். அதற்கு ஓசி என்று பெயர் வைப்பதுதான் பொய். எங்கள் ஒப்பந்தப்படி நான் வேலை செய்யும் ஒவ்வொரு வாரத்துக்கும் நிறுவனம் 450 டாலரை மருத்துவ நிதிக்கு அனுப்புகிறது. வருடத்துக்கு 23,400 டாலர். அதை 2,080 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குப் பதினொன்றே கால் டாலர் வரும். அந்தப் பதினொன்றே கால் டாலர் என் கைக்கு வந்திருக்க வேண்டிய கூலி. அதைக் கையில் வாங்காமல், யூனியனும் நிறுவனங்களும் சரிபாதியாக அறங்காவலர்களை அமர்த்தி நடத்தும் ஒரு நிதியில் போடச் சொல்லி, எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் பேரம் பேசி வைத்தார்கள். இப்படி இருதரப்பும் சேர்ந்துதான் நடத்த வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டு டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். ஓசியில் வரும் பொருளுக்கு இத்தனை கணக்கும் காவலும் இருக்குமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஹாலில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதிய ஒப்பந்தத்துக்கு நிறுவனம் முன்வைத்திருப்பது மணிக்கு ஒன்றரை டாலர் உயர்வு. அதில் 70 சென்ட் மருத்துவ நிதிக்குப் போய்விடும். கையில் வருவது 80 சென்ட். எங்கள் இடத்து யூனியன் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்ட் அதைப் பலகையில் எழுதியதும் அந்தக் கூட்டத்தில் எழுந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் முப்பத்தோரு வருடம் ஓட்டியவர், இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவர் காப்பிக் கோப்பையின் அட்டையில் பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 70 சென்ட், நாற்பது மணி நேரம், ஐம்பத்திரண்டு வாரம்: 1,456 டாலர். அதை இரண்டு முறை அடிக்கோடிட்டுவிட்டு, பக்கத்தில் தன் மனைவி சாப்பிடும் மருந்தின் விலையை எழுதினார். கோப்பையைக் கசக்கிப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீங்கள் சிரித்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

எல்லோரும் அவரைப் போல யோசிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லாரிகள் நிற்கும் டெர்மினலில் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை, காய்ச்சல் என்று படுத்ததில்லை. எனக்கும் அவனுக்கும் நிதிக்குப் போகும் தொகை ஒன்றே. நான் நான்கு பேருக்கு இன்சூரன்ஸ் அட்டை வைத்திருக்கிறேன், அவன் ஒருவனுக்கு. "உங்கள் பிள்ளைகளின் பல் டாக்டருக்கு நான் ஏன் ஓவர்டைம் பார்க்க வேண்டும்?" என்று அவன் எழுந்து கேட்டபோது ஹாலில் சிலர் கத்தினார்கள்; நான் கத்தவில்லை. நாளைக்கு உனக்கும் குடும்பம் வரும் என்று சொல்லலாம், ஆனால் அது அவனுடைய இன்றைய வாடகைக்குப் பதிலாகாது. இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. அண்ணனின் கேள்விக்கு இருக்கிறது.

அண்ணனிடம் மாதம் அறுநூறு பிடிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். மீதியை யார் கட்டுகிறார்கள் என்று அவர் எப்போதாவது பார்த்தாரா? கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2025 கணக்கெடுப்பின்படி, வேலை மூலம் வரும் குடும்ப இன்சூரன்சின் சராசரி வருடச் செலவு 26,993 டாலர். அதில் தொழிலாளி தன் பங்காகக் கட்டுவது சராசரியாக 6,850. மிச்சம் இருபதாயிரத்துக்கு மேல் நிறுவனம் கட்டுகிறது. நிறுவனம் அதைத் தன் பாட்டன் சொத்திலிருந்தா கட்டுகிறது? அதுவும் அவருடைய சம்பளத்திலிருந்து, அவர் கண்ணில் படாமல் கழிந்த பணம்தான். ஓசி என்றால் இருவருக்கும் ஓசி. ஒரே வேறுபாடு, எவ்வளவு போக வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு வாக்குச் சீட்டு இருக்கிறது. அவருக்கு நவம்பரில் மனிதவளத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மின்னஞ்சல் எங்கள் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தார். நான் அப்போது சொந்த டிரக் வைத்து, ஒரு கம்பெனிக்கு லீசில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரக் கணக்குச் சீட்டின் மேல்வரியில் இருக்கும் தொகை பார்க்கப் பெரிதாக இருக்கும்; டீசலும் டயரும் டிரக் தவணையும் போய் அடிவரிக்கு வரும்போது மெலிந்துவிடும். இன்சூரன்ஸ் என்ற வரியே அதில் கிடையாது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, மனைவியின் வேலை இருந்தது. 2023 ஜனவரியில் அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பதினைந்து நிமிட வீடியோ அழைப்பு. இரண்டு வாரம் கழித்து கோப்ரா கடிதம் வந்தது. வேலை போனவர்கள் பழைய இன்சூரன்சைத் தங்கள் காசில் தொடர வழி செய்யும் சட்டத்தின் பெயர் அது. பழைய இன்சூரன்சையே தொடர வேண்டுமானால் மாதம் 2,290 டாலர். அதுவரை சம்பளத்தில் பிடித்த 540 டாலர்தான் அதன் விலை என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். முழு விலையையும், அதற்கு மேல் இரண்டு சதவீதத்தையும் வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது.

முடிவு செய்ய அறுபது நாள் அவகாசம் உண்டு. காத்திருந்து பார்க்கலாம் என்றேன் நான், சாமர்த்தியசாலி. இருபத்து மூன்றாம் நாள் இரவு மகனுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. நான் இண்டியானாவில் ஒரு டிரக் ஸ்டாப்பில் பத்து மணி நேரக் கட்டாய ஓய்வில் இருந்தேன். வண்டியை அசைக்க முடியாது. பிள்ளையைப் பின் இருக்கையில் படுக்க வைத்துக்கொண்டு மனைவி தனியாக ஓட்டிப் போனார். மறுநாள் வரவேற்பறையில் இருந்தபடியே கோப்ரா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பழைய இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே அது செல்லும் என்பதால் தப்பித்தோம். ஒன்பது மாதம் கட்டினோம், மொத்தம் 20,610 டாலர். அந்த வருடத் தீபாவளி விருந்தில், நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஒருவர் கேட்டதற்கு, "லாஜிஸ்டிக்ஸில் இருக்கிறார்" என்று வேறொருவர் எனக்காகப் பதில் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றி நாக்பூர் வரை போன என் அப்பா, ஒருநாளும் தன்னை லாஜிஸ்டிக்ஸ் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இன்சூரன்ஸ் ஏன் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, அரசே கொடுத்தால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: கொடுக்கட்டும், முதல் ஆளாக வரிசையில் நிற்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டை டிரைவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1942இல் போர்க்காலச் சட்டம் கூலி உயர்வுக்குப் பூட்டுப் போட்டது; இன்சூரன்ஸ் போன்ற சலுகைகளுக்கு விலக்கு அளித்தது. ஆள் தேவைப்பட்ட முதலாளிகள் அந்த வழியாக ஆள் பிடித்தார்கள். 1954இல் வரிச் சட்டமும் அதற்கு முத்திரை வைத்தது. இன்றும் ஒரு டாலரைக் கூலியாக வாங்கினால் வரி உண்டு, இன்சூரன்சாக வாங்கினால் இல்லை. அந்தப் பையன் கேட்கும் 70 சென்ட் கையில் வந்தால் 70 சென்ட்டாக வராது என்பதை ஷாப் ஸ்டூவர்ட் இன்னும் பொறுமையாக விளக்கியிருக்கலாம்.

அடுத்து, நம் குழுக்களில் சுற்றிய அந்த 1,70,000 டாலர். 2023 ஆகஸ்டில் பார்சல் நிறுவனமான யுபிஎஸ்சின் தலைவர் கேரல் டோமே, ஐந்து வருட ஒப்பந்தத்தின் முடிவில் ஒரு முழுநேர டிரைவர் சராசரியாகச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஏறக்குறைய 1,70,000 டாலர் பெறுவார் என்றார். "சலுகைகளும் சேர்த்து" என்ற இரண்டு சொல்லை விழுங்கிவிட்டு நம் குழுக்களில் அது எத்தனை நாள் ஓடியது! தன் சம்பளத்தைச் சொல்லும்போது இன்சூரன்சையும் ஓய்வூதியத்தையும் கூட்டிச் சொன்ன மென்பொருள் பொறியாளர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

இனி, யெல்லோ என்ற பெரிய லாரிக் கம்பெனியைச் சொல்லி, "யெல்லோவை மூடவைத்தது உங்கள் யூனியன்தானே" என்பவர்கள். வருவார்கள் என்று தெரியும். 2023 ஜூலை 15 அன்று மருத்துவ, ஓய்வூதிய நிதிகளுக்குக் கட்ட வேண்டிய 5 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை யெல்லோ கட்டவில்லை. கட்டாவிட்டால் குடும்பங்களின் அட்டை செத்துவிடும். அதனால் யூனியன் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தது. நிதி ஒரு மாத அவகாசம் தந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. ஜூலை 30 அன்று கதவைச் சாத்தினார்கள், ஆகஸ்ட் 6 அன்று திவால் மனு. 30,000 பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் 22,000 பேர் யூனியன். அதே தொழிலாளர்கள்தான் 2009இல் கம்பெனி பிழைக்கட்டும் என்று கூலியில் 15 சதவீதத்தை விட்டுக்கொடுத்தவர்கள். 2020இல் அரசு 70 கோடி டாலர் கடன் கொடுத்தது. இன்னும் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், சொல்லுங்கள். யூனியன் தலைமை வாயை இன்னும் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. அதற்கு மேல் நான் கொடுப்பதாக இல்லை. அவர்கள் விட்டுப்போன சரக்கை மற்ற கம்பெனிகள் அள்ளிக்கொண்டு ஆள் எடுத்தபோதுதான் எனக்கு இந்த யூனியன் வேலை கிடைத்தது. அந்த நினைப்பு சில இரவுகளில் இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலையில் கூடவே வரும்.

ஒன்று மட்டும் உங்களில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு மருத்துவச் சான்று இல்லையென்றால் லைசென்ஸ் வெறும் அட்டை. அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடலைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். ரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். போன மார்ச்சில் எனக்கு 152க்கு 94. பரிசோதித்த பெண்மணி என் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, மறுபடி பார்த்தார். 150க்கு 92. ஒரு வருடச் சான்று. இரவு ஒன்பதரைக்குக் கிளம்பி, இரண்டு டிரெய்லர்களை, டாலி என்ற இணைப்புச் சக்கர வண்டி போட்டுக் கோத்து இழுத்து, விடியலில் திரும்பிப் பகலில் தூங்குகிறவனின் ரத்தம் அப்படித்தான் இருக்கும். மாத்திரையும் மருத்துவரும் எனக்கு டயரும் டீசலும் மாதிரி. இல்லாவிட்டால் வண்டி ஓடாது. லேப்டாப்புக்கு யாராவது ஓசி என்று சொல்கிறார்களா?

டிரைவருக்கு இவ்வளவு கொடுத்தால் சரக்கு விலை ஏறும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஏறட்டும். உங்கள் சம்பளம் ஏறியபோது எங்கள் வீட்டு வாடகையும்தான் ஏறியது.

புதிய ஒப்பந்தத்துக்கான வாக்குச் சீட்டு தபாலில் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில், மகனின் பள்ளி உணவுப் பட்டியலுக்குப் பக்கத்தில், காந்தத்தின் கீழ் இருக்கிறது. 80 சென்ட் போதாது என்று மனைவி சொல்கிறார்; அவர் சொல்வது சரி. ஆனாலும் நான் ஆம் என்றுதான் போடப்போகிறேன். அந்தப் பையன் இல்லை என்று போடுவதாக நேற்று டாக்கில் வைத்தே சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு என் டாலியைத் தள்ளவும் கை கொடுத்தான். அண்ணா, நீங்கள் அந்தப் பதிவை அழிக்க வேண்டாம், இருக்கட்டும். பொங்கலுக்கு வழக்கம் போல வாருங்கள். என்னை யாரிடமாவது அறிமுகப்படுத்த நேர்ந்தால், லாரி ஓட்டுகிறான் என்றே சொல்லுங்கள்.