அஞ்சு வயசுக்கு எந்த ஊசி?

பாலின மாற்றம் வேண்டும் பிள்ளைகளுக்கு "எந்த வயதில், எந்தக் கட்டத்தில் ஊசி?" என்று நான் கேட்ட பதிவில் முந்தாநாள் நடந்த கூத்து இதுதான். 2017 ஜனவரியில் பிபிசியில் வந்த 'டிரான்ஸ்ஜெண்டர் கிட்ஸ்: ஹூ நோஸ் பெஸ்ட்?' ஆவணப்படத்தில் ஒரு துண்டை வெட்டிப்போட்டு, "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஹார்மோன் ஏத்துறாங்க" என்று ஒரு கூட்டம். "அந்தப் படத்தையே பேசாதே" என்று இன்னொரு கூட்டம்.

அஞ்சு வயசுக்கு ஊசியே கிடையாதுங்க. இந்த ஊசி பூப்பை நிறுத்திவைப்பதற்கு. பூப்பு தொடங்கும் முன் தடுக்க ஒன்றுமில்லை. அந்த வயதில் மாறுவது பெயர், உடை, முடி, பள்ளியில் கூப்பிடும் விதம். அந்தப் படத்தில் வரும் கனடா உளவியலாளர் கென்னத் ஜுக்கர், டொராண்டோவில் நடத்திய கிளினிக் மீதான சண்டையும் இதுதான்: குழந்தையைப் பிறந்த பாலினத்தோடு ஒத்துப்போகப் பழக்கலாமா, கூடாதா. பேச்சு சிகிச்சை பற்றிய சண்டை. ஊசி பற்றியது அல்ல.

ஊசி எப்போது? சீக்கிரம் என்றாலும் டேனர் 2-ம் கட்டத்தில், அதாவது பூப்பின் முதல் அறிகுறி உடலில் தெரியும்போது. பெண்ணுடலில் மார்பு மொட்டுவிடும்போது, ஆணுடலில் விரையின் அளவு 4 மி.லி. தொடும்போது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் கொடுத்தது டிரிப்டோரெலின் என்ற பூப்புத் தடுப்பு மருந்து, 3.75 மி.கி., நாலு வாரத்துக்கு ஒன்று. முதல் ஊசிக்கு உடலின் சொந்தப் பால் ஹார்மோன் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும். மற்ற பிள்ளைகளுக்கு எலும்பு இறுகும் வயதில் இவர்களுக்கு அது பின்தங்கும். அதனால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். "யோசிக்க அவகாசம்" என்று விற்கிறார்களே, அதே லண்டன் ஆய்வில் 44 பேரில் 43 பேர் அடுத்து எதிர்பாலின ஹார்மோனுக்குப் போனார்கள். சரியான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்ததாலா, ஊசியே பாதையைத் தீர்மானித்ததாலா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

"பெரும்பாலான பிள்ளைகள் வளர்ந்ததும் பிறந்த பாலினத்துக்கே திரும்பிடுவாங்கன்னு ஆய்வு சொல்லுதே?" அந்தப் பழைய ஆய்வுகள் சேர்த்த பிள்ளைகள் யார்? பழைய அளவுகோலில், "நான் வேறு பாலினம்" என்று சொல்லாத பிள்ளையும் உள்ளே வரலாம். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடுதான், அப்படிச் சொல்வதையோ விரும்புவதையோ கட்டாயமாக்கியது; அதையும் சேர்த்து எட்டில் ஆறு அறிகுறி, ஆறு மாதம் இருக்க வேண்டும். அந்தப் பகுதியை எழுதிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே ஜுக்கர்! வில்லன் ஆக்கியவர்களுக்கும் தெரியாது, தியாகி ஆக்கியவர்களுக்கும் தெரியாது.

2015-ல் அவரை நீக்கிய மருத்துவமனை, 2018-ல் மன்னிப்புக் கேட்டு 5,86,000 கனடா டாலர் கொடுத்தது. உடனே "அவர் சிகிச்சை சரின்னு ஒத்துக்கிட்டாங்க" என்று கிளம்பாதீர்கள். அந்தப் பணம், கிளினிக் பற்றி மருத்துவமனை வெளியிட்ட அறிக்கையில் அவர் மேல் சுமத்திய பொய்க்கு. சிகிச்சை முறைக்கு நற்சான்று இல்லை.

2017 டிசம்பரில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி அந்த பிபிசி படத்தை ஒளிபரப்பாமல் நிறுத்திக்கொண்டது. என்ன கிடைத்தது? போட்டு, கூடவே நாலு மருத்துவரை உட்காரவைத்துக் கிழித்திருக்கலாம். இப்போது துண்டுகள் சுற்றுகின்றன, பதில் சுற்றவில்லை.

"கேஸ் அறிக்கை 98 சதவீத ஆய்வைக் குப்பையில் போட்டுச்சே?" இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் ஹிலரி கேஸ் 2024-ல் தந்த அறிக்கையைச் சொல்கிறார்கள். போடவில்லை. 103 ஆய்வுகளில் உயர்தரம் 2, நடுத்தரம் 58. அறுபதையும் கணக்கில் எடுத்தார்கள். ஆதாரம் பலவீனம் என்றுதான் சொன்னார்கள். அதையும் முழுசாகப் படிக்காமல், "தடை செய்யச் சொன்னார்" என்று இன்னொருத்தர்!

நான் திருநர் எதிரியாம். மருந்துக் கம்பெனி ஆளாம். ஒரே பதிவுக்கு ரெண்டு பட்டம். எந்த வயது, எந்தக் கட்டம் என்று கேட்டதற்கு இவ்வளவு கோபம் வருகிறதென்றால், உங்களுக்கு அந்தப் பிள்ளை முக்கியமில்லை, ஜெயிப்பது முக்கியம். அன்ஃபிரெண்ட் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.