பட்டியல் இல்லாமல் கடைத்தெருவுக்கு

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருகோணமலை டவுனுக்குப் புறப்பட்டேன். "என்ன வாங்கப் போகிறாய்?" என்று அம்மா கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

என் தம்பியிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "டவுன் பக்கம் போய்விட்டு வருகிறேன்" என்று அவன் செருப்பை மாட்டினால் கதை முடிந்தது. பெண்களான எங்களுக்கு டவுன் என்றால் மருந்துக்கடை, தையற்கடை, பிள்ளையின் கொப்பி, வெயில் ஏறுமுன் வீடு. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். மத்திய வீதிக் கடைகளின் மேல்மாடிகளை அன்றுதான் அண்ணாந்து பார்த்தேன்.

வெளியூர்க்காரரைச் சொல்லி என்ன? கோணேசர் கோயில், நிலாவெளிக் கடல், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று ஓடிப் பார்த்துவிட்டு இரவு ரயிலைப் பிடிக்கிறார்கள். கடைத்தெருவை நாங்களே பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைக்கென்று கடைத்தெருவுக்கு ஒரு நடை உண்டு. காலையில் நகைக்கடை வாசல்களில் சாம்பிராணிப் புகை. பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருபவர்கள் குங்குமத்தோடு விலை கேட்கிறார்கள். நண்பகலானதும் ஜும்மாவுக்காக முஸ்லிம் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தெரு பாதிச் சத்தத்துக்கு வந்துவிடுகிறது.

அதற்கு முன்பே ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்திருந்தேன். சும்மா ஓர் இடியப்ப உரலைத் தொட்டதற்கு, கடைக்கார நானா மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்: மரம், பித்தளை, பிளாஸ்டிக். "பார்க்கத்தான் வந்தேன் நானா" என்று கூச்சத்தோடு சொன்னேன்.

"பாருங்கள் தங்கச்சி. பார்த்தால் தேய்ந்தா போகும்?"

பித்தளை உரலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் மங்கல். மாவு அடைத்தால் ஈர்க்கால் குத்த வேண்டுமாம். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, ஒரு நூல் மட்டும் தடிப்பாக விழுமாம். இருபது வருடமாக ஊசியால்தான் குத்தி வருகிறேன்.

அவர் கிண்ணியாக்காரர். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடைக்கு வருவாராம்; தயிர்ச் சட்டிகளும் அவரும் ஒன்றாக இறங்குவார்கள். பாதை பிந்தினால் கடையும் பிந்தும். வாடிக்கையாளர்கள் வாசற்படியில் குந்தியிருந்து கதைப்பார்கள். "இப்போது ஐந்து நிமிடம் பிந்தினால் போன் வருகிறது" என்றார்.

பிறகு தேநீர்க்கடை. பால் தேத்தண்ணீர் சொன்னேன். பரிமாறும் தம்பி திரைச்சீலை போட்ட குடும்ப அறையைக் கைகாட்டினான். நான் வாசலோர மேசையிலேயே இருந்துகொண்டேன். ரோல்ஸும் வடையும் அடுக்கிய தட்டு வந்தது. தின்றதை எண்ணிக் காசு. அரைமணி நேரத்தில் அவன் இரண்டு தரம் கேட்டான்: "அண்ணன் வருகிறாரா அக்கா?" அதே அரைமணி நேரமாக ஒரு பத்திரிகையை நான்கு ஆண்கள் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக யார் வரப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கடற்கரைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கோப்பிக் கடை ஒன்றுக்கும் போனேன். விலைப்பட்டியல் முழுக்க ஆங்கிலம். நான் தமிழில் கேட்க, நம் ஊர்ப் பையன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கே யாரும் அண்ணனை விசாரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு பெண் பிள்ளைகள் கால் நீட்டி இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பி கசப்பு, விலை அதைவிடக் கசப்பு. ஆனால் அந்தக் கதிரைக்குக் கொடுக்கலாம். தேநீர்க்கடைக்காரர்கள் அந்தத் திரைச்சீலையைக் கழற்றினால் நான் அங்கேதான் போவேன். வடை அங்கேதான் நன்றாக இருக்கிறது.

திரும்பும்போது மரக்கறிக் கடை முன்னால் ஒரு புள்ளிமான் கோவா இலை மென்றுகொண்டிருந்தது. பட்டியல் இல்லாமல் இந்தத் தெருவில் திரிய அதற்கு மட்டும் பூரண அனுமதி. (தயவுசெய்து பொலித்தீன் பைகளை அவற்றின் வாய்க்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.)

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். உரல் கதையைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார்.

"அந்தக் கடையா? வாசலில் கண்ணாடிப் போத்தலில் தோடம்பழ இனிப்பு வைத்திருப்பார்கள். இன்னும் இருக்கிறதா?"

நான் கவனிக்கவில்லை.