செண்பகம் என்று பெயர் வைத்தது குற்றமா?

மகளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்தோம். அதற்கு ஊரே பஞ்சாயத்து பண்ணுகிறது.

"பாட்டி காலத்துப் பெயரா இருக்கே" என்றுதான் தொடங்குவார்கள். பாட்டி பெயரேதான், அதனால் என்ன? அப்புறம் ஒரு மாமா, வரும்போதெல்லாம் அந்தப் பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்காட்டுவார். தொட்டிலில் குழந்தை தூங்குகிறதே என்றுகூடப் பார்ப்பதில்லை. போன வாரம் சித்தி பாலாடையைக் கழுவிக்கொண்டே, "பிறப்புச் சான்றிதழ்ல பெயர் சேர்க்க 12 மாசம் டைம் இருக்குல்ல, அதுக்குள்ள 'ஷ'வுல ஏதாவது பாருங்க" என்கிறார். எப்போதோ சேர்த்தாயிற்று, சித்தி!

கோவில்பட்டியில் அம்மன் பெயரே செண்பகவல்லி. குற்றாலத்தில் ஓர் அருவிக்குச் செண்பகாதேவி என்று பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் சண்பகமும் உண்டு. அந்தப் பொன்னிறப் பூ ஒன்றைத் தலையில் வைத்தால் போதும், வீடே மணக்கும். ஒரு பெண் குழந்தையின் பெயருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். இன்னும் தலையே நிற்கவில்லை, அதற்குள் இந்தப் பேச்சு. இப்போது கேலி செய்வதெல்லாம் பெரியவர்கள்தான். செண்பகம் என்று வாய் நிறையக் கூப்பிடுங்கள். பிடிக்கவில்லையா, பாப்பா என்று கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.