ஸ்டிக்கர் ஒட்டினால் செத்த சென்சார் பிழைத்துவிடுமா?

"சார், நாளைக்கு ஆடிட் இருக்கு. மீட்டரை அனுப்ப நேரமில்லை. சர்டிஃபிகேட்டை மட்டும் மெயில் பண்ணிடுங்க. ஸ்டிக்கரை நம்ம பையன்கிட்ட குடுத்து விடுங்க."

இந்த ஃபோன் வராத வாரம் எனக்குக் கிடையாது. கேஸ் டிடெக்டர்களுக்கு கேலிப்ரேஷன், அதாவது சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சரிசெய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மேன்ஹோல், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டி, கெமிக்கல் டேங்க் என்று ஆள் இறங்குகிற இடங்களில் சட்டையில் மாட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டே, நான்கு வாயுக்களை ஒன்றாகக் காட்டுமே, அதுதான். முன்பெல்லாம் இப்படிக் கேட்பவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாக விளக்குவேன். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. மீட்டரையே கண்ணில் காட்டாமல் அது சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டு, 'சோதித்தாயிற்று' என்கிற ஸ்டிக்கரும் தர வேண்டுமாம். ரத்தமே கொடுக்காமல் 'சுகர் நார்மல்' என்று ரிப்போர்ட் கேட்டால் எந்த லேபில் கொடுப்பார்கள்?

கேட்பவர்கள் படிக்காதவர்களும் இல்லை. சேஃப்டி டிப்ளமா முடித்தவர்கள், பெரிய ஆலைகளில் பர்ச்சேஸ் பார்க்கிறவர்கள், வருஷா வருஷம் பாதுகாப்பு வாரம் கொண்டாடி உறுதிமொழி வாசிக்கிறவர்கள். அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டுகிறது.

அந்தப் பெட்டியின் திரையில் நான்கு எண்கள் தெரியும். ஆக்சிஜன் 20.9 சதவீதம். ஹைட்ரஜன் சல்ஃபைடு 0. கார்பன் மோனாக்சைடு 0. தீப்பிடிக்கும் வாயு, அது வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் (எல்இஎல்) எத்தனை சதவீதம் என்பது, அதுவும் 0. நல்ல காற்றில் நல்ல மீட்டர் இப்படித்தான் காட்டும். சரி, ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் செத்துப்போன மீட்டர் எப்படிக் காட்டும்? அதே 0 தான். எல்இஎல் சென்சார் பழுதாகிவிட்டால்? அதுவும் 0 தான். பல நேரங்களில் எந்த விளக்கும் எரியாது, எந்த எச்சரிக்கையும் வராது. வேலை செய்யாத சென்சாரும் ஆபத்தில்லாத காற்றும் திரையில் ஒரே எண்ணாகத் தெரியும். கேலிப்ரேஷன் என்று ஒன்று இருப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். தெரிந்த அளவு வாயுவைச் சென்சார் மேல் விட்டுப் பார்த்தால் ஒழிய, அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. ஸ்டிக்கரால் நிச்சயமாக முடியாது.

நான்கில் ஆக்சிஜன் சென்சார் மட்டும்தான் சாகும்போது காட்டிக்கொடுக்கும். பல மீட்டர்களில் இருக்கிற வகை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்துத் தானே மின்னோட்டம் உண்டாக்குவது. அது தேயத் தேய எண் இறங்கும். 19.5-க்குக் கீழே போனதும் அலாரம் அடிக்க ஆரம்பித்துவிடும். உடனே ஓடி வருவார்கள். "ஆக்சிஜன் சென்சார் மட்டும் மாத்திக் குடுங்க சார். மத்த மூணும் நல்லா இருக்கு, ஸீரோ காட்டுது பாருங்க." அந்த மூன்றில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேஸ் விட்டுப் பார்த்த பிறகுதானே தெரியும்? அதற்கு ஆகும் செலவைச் சொன்னால் முகம் மாறிவிடுகிறது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து மீட்டர் ஒன்று வந்தது. முதுகில் வேறு ஏதோ கடையின் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர், ட்யூ டேட்டுக்கு இன்னும் பல மாதம் பாக்கி. மேஜையில் வைத்து சோதனை கேஸ் சிலிண்டரைத் திறந்தேன். 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) ஹைட்ரஜன் சல்ஃபைடு போகிறது. ஒரு நிமிஷம் கடந்தும் திரையில் 0. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், சென்சார் வாயில் ஒளி ஊடுருவுகிற டேப். ஓரத்தை நகத்தால் வழித்து, தடம் தெரியாதபடி அவ்வளவு அழகாக ஒட்டியிருக்கிறார்கள். கொண்டுவந்த பையனைக் கேட்டேன். "அது சும்மா சும்மா கத்துதுண்ணே, உள்ள வேலை பார்க்க விட மாட்டேங்குது. சூப்பர்வைசர்தான் ஒட்டச் சொன்னாரு."

சும்மா கத்தவில்லை ஐயா. அந்த மீட்டரில் முதல் அலாரம் 10 பிபிஎம்மில் வைத்திருந்தது. அது கத்தியது என்றால் உள்ளே 10-க்கு மேல் இருந்தது என்று அர்த்தம். வெளியே வா என்று சொல்லத்தான் காசு போட்டு அதை வாங்கினீர்கள். சொன்னதும் வாயை அடைத்துவிட்டு, அதே பெட்டியை அந்தப் பையன் சட்டையில் மாட்டி அதே குழிக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். டேப்பை உரித்து மறுபடி கேஸ் விட்டேன். சென்சார் நன்றாகவே இருந்தது, 24 வரை போய் நின்றது.

"நாத்தம் அடிச்சா தெரிஞ்சுடும் சார்" என்று அடுத்த வசனம் வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது உண்மைதான், ஒரு பிபிஎம்முக்கும் கீழே இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் காற்று சரியாகிவிட்டது என்று நினைப்பார். 700, 1000 என்று போனால் ஒன்றிரண்டு மூச்சில் நினைவு தப்பும், ஏணியைப் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. தொட்டியில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் சேற்றைக் கம்பியால் கிளறுகிற அந்த நொடியில்தான் இது குபீரென்று வெளியே வரும். இறங்கும்போது 0 இருந்தது என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை. மேலே நிற்பவர் பதறிப்போய்க் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார், அவரைத் தூக்க மூன்றாவது ஆள் இறங்குவார். "விஷவாயு தாக்கி மூவர் பலி" என்று நாம் படிக்கிற செய்திகள் பலவற்றின் கதை இதுதான். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்குகிற பழைய பழக்கத்தை இன்னும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அவ்வளவுதான். ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அந்த விளக்கு அணையாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

ஸீரோ விஷயத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் கேலிப்ரேஷன் என்றால் ஸீரோ பொத்தானை அழுத்துவதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் எங்கே அழுத்துகிறார்கள்? மேன்ஹோல் மூடியைத் திறந்து போட்டு, அதன் விளிம்பில் நின்றுகொண்டு. 5 பிபிஎம் மிதக்கிற இடத்தில் ஸீரோ அடித்தால் மீட்டருக்கு இனி அந்த 5 தான் 0. 10-ல் அடிக்க வேண்டிய அலாரம் 15-ல் அடிக்கும். ஆக்சிஜன் 19.9 இருக்கிற இடத்தில் நின்று அழுத்தினால் அதையே 20.9 என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே உண்மையான ஆக்சிஜன் 18.6-க்கு இறங்கினாலும் திரையில் 19.5 தெரியும், அலாரம் அடிக்காது. அளவு மிஞ்சினால் சில மீட்டர்கள் ஸீரோ ஆக மறுத்துவிடும். கொஞ்சமாக இருந்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். சுத்தமான காற்றில், குழியிலிருந்தும் ஓடுகிற ஜெனரேட்டரிலிருந்தும் தள்ளி நின்று அழுத்துங்கள் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அந்தக் கையேட்டை பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவர் யார்?

எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் விட மாட்டேன். காலாவதியான சிலிண்டரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு சாதுவான வாயு கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே மெல்ல மெல்லக் குறையும், அதனால்தான் அதை அலுமினிய சிலிண்டரில் தேதி குறித்துத் தருகிறார்கள். சாதாரண ரப்பர் குழாயைச் செருகினால் குழாயே பாதியை உறிஞ்சிக்கொள்ளும், பித்தளை ரெகுலேட்டரும் சேர்ந்துகொள்ளும். லேபிளில் 25 என்று எழுதியிருக்கும், சென்சாரைத் தொடுவது 15 ஆக இருக்கும். அதையே 25 என்று ஏற்றி ஸ்பான் அடித்துவிட்டால், அதாவது மீட்டரின் எண்ணை அதற்குச் சரிசெய்துவிட்டால், அந்த மீட்டர் இனி எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். சும்மா கத்தும். சும்மா கத்தினால் டேப் ஒட்டுவார்கள். பார்த்தீர்களா, ஒருவன் குழாயில் மிச்சம் பிடித்த காசு எங்கே போய் முடிகிறது என்று?

இன்னும் சிலர் சிகரெட் லைட்டரை அழுத்தி அதன் கேஸைக் காட்டி, "பாருங்க, கத்துது, சென்சார் சூப்பரா இருக்கு" என்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. லைட்டரில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். சாக்கடையில் இருப்பது மீத்தேன். எல்இஎல் சென்சாருக்குள் வாயுவை எரித்துப் பார்க்கிற சின்னப் பாசி மணி போன்ற ஒன்று இருக்கிறது. சிலிகோன் ஸ்ப்ரே, சீலன்ட், கார் பாலிஷ் இவற்றின் ஆவி பட்டால் அந்த மணி விஷமேறிக் கெடும். கெடும்போது முதலில் போவது மீத்தேனை உணரும் திறன், ஏனென்றால் மீத்தேன்தான் எரிய வைக்க மிகக் கஷ்டமான வாயு. அப்படிக் கெட்ட சென்சார் லைட்டருக்குக் கத்தும், மீத்தேனுக்கு வாயைத் திறக்காது. தொட்டிக்குள் 5 சதவீத மீத்தேன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். மீட்டரை சிலிகோன் டியூபோடு ஒரே டூல்பாக்ஸில் போட்டு வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இவ்வளவுக்கும் தீர்வு அரை நிமிஷ வேலை. பம்ப் டெஸ்ட் (bump test). இறங்குகிற அன்று காலையில் சிலிண்டரை மாட்டி, கேஸை விட்டு, நான்கு அலாரமும் அடிக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டிக்கர் சொல்லாததை அது சொல்லும். நேற்று சேற்றில் விழுந்து ஃபில்டர் அடைத்துக்கொண்டதா, மே மாத வெயிலில் ஜீப் டேஷ்போர்டில் கிடந்து சென்சார் காய்ந்துவிட்டதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். 58 லிட்டர் சிலிண்டர் நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் போனால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வரும். ஒரு டெஸ்டுக்கு கால் லிட்டர்தான், ஆக ஒரு சிலிண்டரில் 200 தடவைக்கு மேல் பார்க்கலாம். மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள், சிலிண்டர் என்றதும் "அது ஆப்ஷனல்தானே, கொட்டேஷன்ல எடுத்துடுங்க" என்கிறார்கள். சிலிண்டர் இல்லாத மீட்டரை எதை வைத்து நம்புவீர்கள்?

சட்டம் இல்லாமலும் இல்லை. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவி மாட்டியிருக்க வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே 36-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013 சட்டத்தின் விதிகளில் கொடுக்க வேண்டிய கருவிகளின் பட்டியலில் நான்கு வாயு மானிட்டரும் இருக்கிறது. என்னைக் கேட்டால் சாக்கடைக்குள் ஆளே இறங்கக் கூடாது, மெஷின்தான் இறங்க வேண்டும். ஆனால் இறக்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்த நிலை வராமல் தடுக்கக்கூடிய சிலிண்டருக்கு சில ஆயிரம் ரூபாய் ஒதுக்க மனசு வரவில்லை.

இன்னொரு கொடுமை, மீட்டர் யார் கையில் இருக்கிறது என்பது. விலை அதிகம், தொலைத்துவிடுவார்கள் என்று பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். ஆடிட் அன்று மேஜைக்கு வரும், ஃபோட்டோவில் இருக்கும், உள்ளே இறங்க அனுமதி தருகிற பெர்மிட் தாளில் நான்கு எண்களும் அழகாக எழுதியிருக்கும். எத்தனையோ பெர்மிட்டில் 20.9, 0, 0, 0 என்று ஒரே பேனாவில் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளைக்கும் சேர்த்து எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே இறங்குகிற அண்ணனுக்கு அந்தத் திரை எப்படி இருக்கும் என்றே தெரியாது.

ஆகவே, மீட்டர் வராமல் என்னிடமிருந்து சர்டிஃபிகேட் வராது. வந்த மீட்டர் கேஸுக்குப் பதில் சொல்லாவிட்டால் 'ஃபெயில்' என்றுதான் எழுதுவேன், நாளைக்கு ஆடிட் இருந்தாலும் சரி, பத்து வருஷக் கஸ்டமராக இருந்தாலும் சரி. பக்கத்துக் கடையில் கேட்டதும் தருகிறார்கள் என்றால் தாராளமாக அங்கேயே போங்கள். சேஃப்டி ஆபீசர்களே, இந்த மாதம் சிலிண்டர் வாங்கித் தரச் சொல்லி இண்டென்ட் போடுங்கள், மறுத்தால் மறுத்தவர் பெயரோடு எழுதி வாங்கி வையுங்கள். உள்ளே இறங்குகிற அண்ணன்மார்களே, ஸ்டிக்கரைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "என் கண் முன்னாடி கேஸ் விட்டுக் காட்டுங்க சார், நாலும் கத்தட்டும், அப்புறம் இறங்குறேன்" என்று கேளுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும். அந்த அரை நிமிஷத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறவரின் தொட்டிக்குள் கால் வைக்காதீர்கள்.