'ஒன்றும் இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் ஒன்றல்ல

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு நாளாக எல்லா குரூப்பிலும் அதுதான் ஓடுகிறது. கனத்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வருகிறார். 'கை கால் ஓஞ்சு போவுது டாக்டர், கண்ணு சொருகுது' என்கிறார். டாக்டராக நடிப்பவர் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'எல்லாம் நார்மல்மா, வீட்டுல வேலை ஒண்ணும் இல்லையா?' என்கிறார். பின்னாலேயே சிரிப்புச் சத்தம். அனுப்பியவர்களில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். அதில் ஒருவர், 'உன் ஞாபகம் வந்துச்சு' என்றும் எழுதியிருந்தார்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றால், அந்த ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த மனுஷிக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம் கிடையாது.

என் கதை பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்பு டீச்சர். முதலில் கவனித்தது நானும் இல்லை, எந்த டாக்டரும் இல்லை. கடைசி பீரியடில் முதல் பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து, 'டீச்சர், உங்க ஒரு கண்ணு மட்டும் தூங்குது' என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தால் இடது இமை பாதிக்கு இறங்கியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் சரியாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுவேன். முதல் பின்னலை முடித்துவிட்டு இரண்டாவதை எடுக்கும்போது கை தானாகக் கீழே வரும். வலியே இல்லை, தூக்கி வைத்தால் நிற்காது, அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டில் நாலு வாய்க்கு மேல் தாடை மெல்லாது, கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு மெல்வேன். ஒரு நாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. தினமும் மூன்றாவது பீரியடுக்குப் பிறகு குரல் மூக்கில் பேசுவது போல ஆகிவிடும். பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ் இரண்டாகத் தெரியும்.

இரண்டு வருடம் நாலு மாதம் அலைந்தேன். மூளைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்துக்கு எம்.ஆர்.ஐ., தைராய்டு, பி12, எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். ஒருவர் சத்து ஊசி போட்டார், ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். 'நரம்புத் தளர்ச்சி' என்றார் ஒருவர். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மற்றவர்கள் முகம் எப்படி மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை மூன்று வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். எனக்கு அத்தை மேல் கோபம் இல்லை. அவராவது எனக்கு ஏதோ இருக்கிறது என்று நம்பினார்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். டோக்கன் எப்போதும் காலை பத்து மணிக்கு. நான் முழு லீவு போட்டு, ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்துவிட்டுப் போய் உட்காருவேன். அந்த நேரத்தில் என் உடம்பு பழுதில்லாமல் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு உயிர் போகிறது என்று காலை பத்து மணிக்குச் சொன்னால் எப்படிக் கேட்கும்? நடிப்பு மாதிரிதான் கேட்கும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'சாயங்காலம் ஒரு முறை வாங்களேன்' என்று யாருமே சொல்லவில்லை.

கடைசியில் ஒரு அரசு மருத்துவமனையில், இன்னும் படித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர்தான் கண்டுபிடித்தார். ஃபைலைத் தொடவே இல்லை. 'பொழுது போகப் போக அதிகமாகுதா அக்கா?' என்று கேட்டார். தலையை அசைக்காமல் மேலே ஃபேனையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிஷம் ஆவதற்குள் இமை ஷட்டர் மாதிரி இறங்கியது. கையுறை ஒன்றில் ஐஸ் கட்டியைப் போட்டு முடிச்சுப் போட்டு என் கண் மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்ததும் கண் திறந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். 'அக்கா, நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்' என்றார். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மயஸ்தீனியா கிரேவிஸ். மூளை சரி, நரம்பு சரி, தசையும் சரி. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் தசையில் போய் ஒட்ட வேண்டிய இடத்தை, நம் எதிர்ப்பு சக்தியே அடைத்து அழித்துவிடுகிறது. சுவிட்ச் சரி, பல்பும் சரி, ஹோல்டரில் கான்டாக்ட் இல்லை. அதனால்தான் ஓய்வெடுத்தால் சரியாகி, பயன்படுத்தப் பயன்படுத்த ஓய்ந்து போகிறது. மூளையை எத்தனை முறை படம் எடுத்தாலும் இது அதில் தெரியாது. நார்மல் என்று வந்த என் எம்.ஆர்.ஐ. பொய் சொல்லவில்லை, அது வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது.

புதிதாக வந்த நோயும் இல்லை இது. 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் வந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசினால் மீனைப் போல ஊமையாகிவிடுவாள், குரல் திரும்ப ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அவளை எப்படி அறிமுகப்படுத்துகிறார் தெரியுமா? விவேகமான, நேர்மையான பெண் என்று. ஆய்வகம் இல்லை, ஸ்கேன் இல்லை. 350 வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் நோயாளி சொன்னதை முதலில் நம்பினார். மேரி வாக்கர் என்ற மருத்துவர் இதற்கு மருந்து வேலை செய்கிறது என்று காட்டியது 1934-ல். அமிதாப் பச்சனுக்கு இந்த நோய் இருப்பது 1984-ல் நாட்டுக்கே தெரிந்தது. அவரைப் பார்த்து யாரும் 'வீட்டுல வேலை இல்லையா' என்று கேட்கவில்லை.

இப்போது கமென்ட்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

'டாக்டருக்கு நேரம் இல்லை, ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறார்.' சரி. நான் மறுக்கவே இல்லை. என்னைக் காப்பாற்றியவரும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

'கூகுள் பார்த்துவிட்டு வந்து நோயின் பேரைச் சொல்கிறார்கள்.' ஆமாம், பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வரும்போது, கேட்ட இடத்திலெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னால், வேறு எங்கே போய்க் கேட்பது? ஃபைல் கனமாக இருக்கிறது என்று சிரிக்கிறீர்களே, அதில் இருக்கும் ஒவ்வொரு தாளும் யாரோ ஒரு டாக்டர் எடுக்கச் சொல்லி எடுத்தது. என் இரண்டு வளையல் அதில் இருக்கிறது.

'மன அழுத்தத்தால் இப்படி வருவது உண்மைதானே?' உண்மைதான். உறுப்பில் பழுதில்லாமலே கை கால் செயலிழக்கும் கோளாறு இருக்கிறது, அதுவும் நோய்தான், நடிப்பு இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் பரிசோதனை உண்டு. 1908-ல் ஹூவர் என்ற மருத்துவர் சொன்ன முறை: படுத்தபடி ஒரு காலைக் கீழே அழுத்து என்றால் அழுத்த முடியாதவர், மறு காலைத் தூக்கச் சொன்னதும் தன்னை அறியாமல் அதே காலால் அழுத்துவார். என்னைப் படுக்க வைத்துக் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. பார்க்காமலே 'மனசு' என்பது நோய் நிர்ணயமா? ஹிஸ்டீரியா வகை, அதாவது இப்போது சொன்ன இந்தக் கோளாறு என்று முடிவு செய்யப்பட்டவர்களில் 1950-களில் 29 சதவீதம் பேருக்கு அந்த முடிவே தவறு, 1970-க்குப் பிறகு அது 4 சதவீதம்தான் என்று 2005-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. அந்த 4 சதவீதத்தைக் காட்டி ஒரு தம்பி போன வாரம் என்னோடு வாதாடினார். தம்பி, அது நிபுணர்கள் பார்த்து முடிவு செய்து, பிறகும் விடாமல் கவனித்தவர்களின் கணக்கு. ஃபிலிமைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்பியவர்களின் கணக்கு இல்லை.

'ஒன்றும் இல்லை' என்பது ஆறுதல் வார்த்தைதானே என்று கேட்பவர்களுக்கு: நடுவில் ஒரு காய்ச்சலுக்கு எனக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வகை மாத்திரைகள் இந்த நோயை மோசமாக்கும் என்று அமெரிக்காவில் 2011-லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு நோயே இல்லை என்றிருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி என்னால் படுக்க முடியவில்லை, மூச்சு இழுக்க நெஞ்சு தூக்கவில்லை. என் கணவர் என்னை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வழியெல்லாம் 'பயப்படாத, ஒண்ணும் இல்ல' என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு வேறு என்ன தெரியும், இரண்டு வருடமாக எல்லோரும் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தானே.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒரு பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, இப்போது இரண்டு பின்னலும் போடுகிறேன். ஆனால் நரம்பியல் வார்டு பெஞ்சில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா இருக்கிறார். ஐந்து வருடமாகக் கெண்டைக்கால் துடிக்கிறது. புடவையை விலக்கிக் காட்டினார், தோலுக்கு அடியில் புழு நெளிவது போல ஓடியது. நடக்க நடக்கக் கால் மரக்கட்டையாகிறது. எல்லா டெஸ்ட்டும் நார்மல். அவர் மகனே, 'சும்மா இரும்மா' என்கிறான்.

அந்த அக்காவுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தவர்களுக்கும் தெரியாது. அதைத் தெரியாது என்றே சொல்லலாம், ஒரு குறைவும் இல்லை. என் நோய் உடம்பு முழுக்கப் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குத்தான் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியும். மீதிப் பேரில் சிலருக்கு மஸ்க் என்ற தசைப் புரதத்தைத் தாக்கும் வேறொரு எதிர்பொருள் (ஆன்டிபாடி) இருப்பது 2001-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2000-ல் அவர்கள் ரிப்போர்ட் எல்லாம் நெகட்டிவ். அவர்களுக்கும் அன்றைக்குக் கண் சொருகியது, கை விழுந்தது. அவர்களிலும் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்!

வீடியோ எடுத்தவரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அனுப்பிய பதினோரு பேரிடம்தான் கேட்கிறேன், குறிப்பாக அந்த மூன்று பேரிடம். ஆட்டோவில் நான் வந்த ராத்திரி நீங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். அதையும் பார்த்துவிட்டு எப்படி இதைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது?

வியாழக்கிழமை அந்த அக்காவோடு நான் போகிறேன். காலை டோக்கன் வேண்டாம் என்று சொல்லி, சாயங்காலம் ஐந்தரைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறோம். அன்று முழுக்க அவர் ஓய்வெடுக்காமல் எப்போதும் போல வேலை செய்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வருவார். ஃபைலை நான் தூக்கிக்கொள்கிறேன்.