பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு காபி சொல்ல முடியவில்லை

ஒரு காபி வாங்கிக் குடிக்க எதற்கு ஓடிபி? நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இந்த ஒரு கேள்விதான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் இரவு தூங்கி எழுந்தும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மந்தைவெளிப் பக்கம், ஒரு பழைய தனி வீட்டைக் கஃபேயாக மாற்றியிருக்கிறார்கள். ஆழ்வார்பேட்டையிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் அடையாற்றிலும் இப்போது இப்படிப் பல வீடுகள் உண்டு. வழவழவென்று தேய்ந்த சிவப்புத் தரை, தேக்குக் கதவு, வாசலில் ஒரு மாமரம், கூடத்தில் காபி இயந்திரம். எனக்கு இந்த இடங்கள் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடித்துத் தள்ளி நான்கு மாடி கட்டுவதற்குப் பதிலாக ஒரு வீட்டை வீடாகவே விட்டுவைத்து, அதில் ஏற்காட்டுக் காபியும் கொடைக்கானல் கீழ்மலைக் காபியும் போட்டுக் கொடுப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை நேற்று ஒரே காலையில் அவர்களே கெடுத்துக்கொண்டார்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. சிறுமியாக இருந்தபோது அந்த வீட்டில்தான் பாட்டு கற்றுக்கொண்டார். முன்னறை ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து டீச்சர் உட்காருவார் என்றும், மார்கழியில் தரை சில்லென்று இருக்கும் என்றும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அங்கே கஃபே வந்திருப்பது தெரிந்ததிலிருந்து ஒரு முறை போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டார். அம்மா அதிகமாக ஆசைப்படுகிறவர் இல்லை. நல்ல புடவை உடுத்திக்கொண்டு, காலையில் வீட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அந்த ஜன்னல் ஓரத்து மேசையே கிடைத்தது. மணி 10.05. மேசை மேல் ஒரு மரக்கட்டை, அதில் ஒட்டிய க்யூஆர் குறி. ஸ்டிக்கரின் ஒரு மூலை உரிந்து, நடுவில் ஏதோ சாஸ் சிந்திக் காய்ந்து கிடந்தது. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றார். மெனு கார்டு கேட்டேன். "ஸ்கேன் பண்ணிக்கோங்க மேம்" என்றார். மெனு வேண்டாம் தம்பி, ரெண்டு ஃபில்டர் காபி மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள் என்றேன். "ஆர்டரும் அதுலதான் மேம்" என்றார்.

கடையின் வைஃபையில் ஸ்கேன் செய்தேன். மெனு வரவில்லை, படிவம் வந்தது. பெயர், கைப்பேசி எண், பிறந்த நாள், திருமண நாள். எல்லாவற்றையும் நிரப்பினால்தான் கீழே இருந்த பொத்தானுக்கு உயிர் வந்தது. அழுத்தினேன். ஓடிபி வரவில்லை. பழைய வீடு, ஒன்றரை அடிச் சுவர், உள்ளே என் கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட நிற்கவில்லை. 30 விநாடி காத்திருந்து மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இல்லை. "வாசல் பக்கம் போனா வரும் மேம்" என்றார் பையன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னால் எத்தனை பேர் வாசலுக்கு நடந்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும்! அத்தனை பேர் நடந்த பிறகும் அந்த முறையை ஒருவரும் மாற்றவில்லை.

நானும் நடந்தேன். மாமரத்தடியில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு ஓடிபிகளும் சேர்ந்தாற்போல வந்து விழுந்தன. எது முதலாவது, எது இரண்டாவது என்று தெரியவில்லை. ஒன்றைப் போட்டால் தவறு என்றது, மற்றதைப் போட்டால் நேரம் முடிந்துவிட்டது என்றது. பிறகு பக்கம் முதலிலிருந்து புதிதாகத் திறந்துகொண்டு, மறுபடியும் என் பெயரைக் கேட்டது. காபி குடிக்க வந்தவள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறவளைப் போல மரத்தடியில் நின்று இரண்டாவது முறையாகப் பிறந்த நாளை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. அம்மா மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பையன் மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா அவரைப் பார்த்து, "ஒரு காபி கொண்டு வாப்பா" என்று கேட்பது எனக்குக் கேட்டது. அவர் புன்னகைத்து அந்த மரக்கட்டையைக் காட்டினார். அம்மாவுக்குப் புரியவில்லை. தான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரக்க மறுபடியும் கேட்டார். அவர் மறுபடியும் மரக்கட்டையைக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்க ஆரம்பித்தார். பாட்டு கற்றுக்கொண்ட அதே அறையில், அதே ஜன்னலுக்குக் கீழே.

நான் உள்ளே போய்க் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்: ஏன் தம்பி, காது கேட்கிறது, வாய் இருக்கிறது, சமையலறை பத்தடியில் இருக்கிறது, ரெண்டு காபி என்று போய்ச் சொன்னால் என்ன? பாவம், அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. "கஸ்டமர் நம்பர் போட்டாதான் மேம் கேஓடி கிச்சனுக்குப் போகும், நாங்களா சொன்னா திட்டுவாங்க" என்றார். கேஓடி என்றால் சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு. அவர் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. ஒரு பெரியவர் காபி கேட்டால் கொண்டு வந்து கொடுக்க அந்தப் பையனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதைச் செய்ய விடாமல் அவர் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார் முதலாளி. கைப்பேசி எண் வராமல் அடுப்பு பற்றக் கூடாது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறார். என் கோபமெல்லாம் அவர் மேல்தான்.

கடைசியில் அம்மாவின் பட்டன் போன்தான் உதவியது. அதில் வேறு நிறுவனத்தின் சிம், உள்ளேயும் சிக்னல் இருந்தது. அம்மா பெயர், அம்மா எண், அம்மா பிறந்த நாள். ஓடிபி உடனே வந்தது. கண்புரை அறுவை செய்த இடது கண்ணுக்கு அருகே போனைப் பிடித்துக்கொண்டு அம்மா எண்களைப் படிக்கத் தொடங்கியவர், இரண்டாவது எண்ணோடு நிறுத்திவிட்டார். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இதைச் சொல்லலாமாடி? யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. எத்தனை ஆண்டுகளாக இதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! வங்கி அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. யாருக்காவது போன் செய்தால் மணி அடிக்கும் முன்பே சைபர் மோசடி எச்சரிக்கை ஒலித்த மாதங்கள் உண்டு. வயதானவர்களைப் போனில் மிரட்டி ஓய்வூதியப் பணத்தைப் பிடுங்குகிறவர்கள் பெருகிக் கிடக்கும் காலத்தில், ஓடிபியைக் கேட்டால் போனை வைத்துவிடு என்று அம்மாவை நான் பழக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஒரு காபிக்காக நானே உடைக்க வேண்டியிருந்தது. "பரவாயில்லைம்மா, இது வேற, சொல்லு" என்றேன். எது வேறு, எது வேறில்லை என்று அடுத்த முறை அம்மா எப்படிப் பிரித்தறிவார்? இதை யோசிக்காமல் அந்தப் படிவத்தை வைத்தவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு மெனு திறந்தது. பதினான்கு பக்கம். மட்சா, கோல்ட் ப்ரூ, போர் ஓவர் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பதினோராவது பக்கத்தில் ஃபில்டர் காபி. ஆர்டர் போய்ச் சேர்ந்தபோது மணி 10.31. இரண்டு காபி என்று சொல்ல 26 நிமிடம்.

பொடி இட்லியும் அவகாடோ டோஸ்ட்டும் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல மாட்டேன். காபியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். விலை 180 ரூபாய். விலையை எதிர்த்து நான் பேசவில்லை. 2025 பிப்ரவரியில் அராபிகா காபிக்கொட்டையின் உலகச் சந்தை விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது எனக்குத் தெரியும், அந்தப் பகுதியின் வாடகையும் தெரியும். ஆனால் வந்த காபி வெதுவெதுப்பாக இருந்தது. காரணமும் கண்ணெதிரே தெரிந்தது. லாட்டேவுக்குப் பால் சுட வைக்கும் அதே நீராவிக் குழாயில்தான் இதற்கும் பாலைச் சுட வைக்கிறார்கள். லாட்டேவுக்கு 60, 65 டிகிரி போதும், அதைத் தாண்டினால் பாலின் இனிப்பு கெடும் என்பது அந்தத் தொழிலில் சரியான கணக்கு. ஃபில்டர் காபிக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. பால் பொங்கிக் கொதித்திருக்க வேண்டும், அப்போதுதான் சிக்கரி சேர்ந்த கெட்டி டிகாக்ஷனில் விழுந்து, டம்ளரும் டபராவுமாக இரண்டு ஆற்று ஆற்றிய பிறகும் நாக்கில் சுடும். இங்கே கொடுத்த பித்தளை டபராவோ அரை அங்குல ஆழம்தான் இருக்கும். அழகுக்கு வைத்தது. அதில் ஆற்ற முடியாது, ஆற்ற வேண்டிய சூடும் காபியில் இல்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சூடு பண்ணிக் கொடுக்கச் சொன்னேன். அதற்கும் அந்தப் பையனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் சூடு பண்ணுவதற்குச் செயலியில் பொத்தான் இல்லை.

பில் வந்தது. காபி 360, இட்லி 280, டோஸ்ட் 420, நாங்கள் கேட்காமலே மூடி திறந்து வைத்த தண்ணீர் பாட்டில் 90, ஆக 1,150 ரூபாய். அதன் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம், 115 ரூபாய். அந்த 115 ரூபாய்க்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 1,328 ரூபாய் 25 காசு.

எந்தச் சேவைக்கு? மரத்தடியில் நின்றது நான். எண் கொடுத்தது அம்மா. ஆர்டரைத் தட்டியது என் விரல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே நெறிமுறை வெளியிட்டுவிட்டது: சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டியும் போடக் கூடாது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாயமாக வாங்குவது தவறு என்று தீர்ப்பளித்தது. இதையெல்லாம் மேலாளரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். "கம்பெனி பாலிசி மேம்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கைப்பேசியில் அடித்துக் காட்டிய பிறகுதான் முதலாளிக்குப் போன் போட்டார். கால் மணி நேரம் கழித்துப் புதிய பில் வந்தது, 1,207 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 120 ரூபாய் 75 காசு. எனக்கு அந்தப் பணம் பெரிதில்லை. கேட்கத் தெரியாதவர்களிடமும், கேட்கக் கூச்சப்படுகிறவர்களிடமும் ஒவ்வொரு ஞாயிறும் இப்படி எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

கிளம்பும் முன் அம்மாவின் எண்ணை அழித்துவிடச் சொன்னேன். "அதுக்கு ஆப்ஷன் இல்ல மேம்" என்றார் மேலாளர். விற்பனைக்காகக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுரை சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் இருக்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை என் அம்மாவின் பிறந்த நாள் ஒரு காபிக் கடையின் கணினியில் கிடக்க வேண்டுமாம்.

நேற்று இரவு 9.40-க்கு அம்மாவின் போனுக்கு முதல் செய்தி வந்தது, அம்மாவின் பெயரைப் போட்டு, இன்றைய அனுபவத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டு. இன்று காலை 8 மணிக்கு இரண்டாவது, மட்சாவுக்கு 15 சதவீதத் தள்ளுபடி. மாலையில் மூன்றாவது, உங்களைக் காணாமல் ஏங்குகிறோம் என்று. எல்லாம் ஆங்கிலத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார், படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதிர்ல உட்கார்ந்து ரெண்டு தடவை கேட்டேன், தரலை. வீட்டுக்கு வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். நான் அவருடைய பட்டன் போனில், விளம்பரச் செய்திகளை நிறுத்தச் சொல்லி, 1909-க்கு ஒவ்வோர் எழுத்தாக அழுத்தத் தொடங்கினேன்.